போலி, கள்ளம், திருத்தல், கூடுபாய்ச்சல்: அஞ்சல்தலை மர்மக்கதைகளுக்கான சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

அஞ்சல்தலைத் துப்பறியும் கதைகளுக்காக நாம் தொகுத்துவரும் சொல்பட்டியலை நேற்றிரவு முழுசாகப் பார்த்தேன். நீர்க்குறி, ஓரத்துளை, முதல்நாள் உறை எல்லாம் சரி, அவற்றில் கைவைக்க வேண்டியதில்லை. தகராறு ஒரே இடத்தில்தான். ஃபோர்ஜரிக்கு நேரே போலி. ஃபேக்குக்கு நேரே போலி. கவுன்டர்ஃபிட்டுக்கு நேரே மறுபடியும் போலி. கதையில் வரும் அஞ்சல்தலை வியாபாரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இது போலி இல்லை சார், போலி" என்று சொன்னால் துப்பறிவாளர் என்ன செய்வார் பாவம்.

> எல்லாம் ஏமாற்றுதானே, சூழலைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

குடும்பக் கதையில் புரிந்துகொள்வார். மர்மக்கதையில் அந்தச் சொல்லே துப்பு. முழுத்தலையையும் அச்சடித்துச் சேகரிப்பாளர் தலையில் கட்டுகிறவனுக்கு அச்சு இயந்திரம் வேண்டும், ஓவியம் தெரிய வேண்டும். அசல் தலையை எடுத்து அதில் சில்லறை வேலை பார்க்கிறவனுக்கு பிளேடும் பசையும் போதும். அஞ்சல்துறையையே ஏமாற்ற அச்சடிக்கிறவனுக்குப் பெரும்பாலும் கவுண்டருக்கு உள்ளே ஓர் ஆள் வேண்டும். வியாபாரி வாயைத் திறந்து எந்த வகை என்று சொன்னதுமே சந்தேகப் பட்டியலில் பாதிப் பெயர் அடிபட்டுவிடும். மூன்றையும் போலி என்றால் கதாசிரியர் அந்த இடத்தில் வைத்த துப்பை நாம் திருடியதாக ஆகும்.

மூன்றாவது வகையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு லண்டன் பங்குச்சந்தைத் தந்தி அலுவலகத்தை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1870-இல் பிரிட்டனில் தந்தி அஞ்சல்துறையின் கைக்கு வந்தது. உள்நாட்டுத் தந்திக்கு 20 சொல்லுக்கு ஒரு ஷில்லிங். படிவத்தை நீட்டிக் காசைக் கொடுத்தால் ஒரு ஷில்லிங் பச்சைத் தலையைப் படிவத்தில் ஒட்டி முத்திரை குத்திக்கொள்வார்கள். படிவம் உள்ளேயே தங்கிவிடும். 1872-இலும் அடுத்த ஆண்டிலும் அந்த அலுவலகத்தில் ஒட்டப்பட்டவற்றில் ஏராளம், யாரோ வெளியே அச்சடித்தவை. தந்தி கொடுத்தவருக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது, குறையில்லை. காசு மட்டும் அரசுக்குப் போகவில்லை. கால் நூற்றாண்டு யாருக்கும் தெரியாது. 1898-இல் சார்ல்ஸ் நிசன் என்ற லண்டன் தலை வியாபாரி பழைய ஷில்லிங் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. தாளில் நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளம், இல்லை. அதைவிட ருசியான துப்பு மூலை எழுத்துகள். அக்காலத் தலைகளில் கீழ் இடதுமூலை எழுத்து, தாளில் எத்தனையாவது வரிசை என்று சொல்லும். வலதுமூலை எழுத்து எத்தனையாவது நிரல் என்று சொல்லும். 20 வரிசை, 12 நிரல், ஆக 240 தலை. அப்படியானால் வலதுமூலையில் பன்னிரண்டாம் எழுத்தான எல்-ஐத் தாண்டி எதுவும் வரக்கூடாது. கணக்குத் தெரியாத கைவேலைக்காரன் எழுத்துகளை இஷ்டத்துக்குப் போட்டிருந்தான். எந்தத் தாளிலும் இருக்கவே முடியாத சேர்க்கைகள் வந்துவிட்டன. உள்ளே இருந்தவர் துணையில்லாமல் இது நடந்திருக்காது.

இதற்கு என் பரிந்துரை: கள்ளத்தலை. பேச்சில் கள்ள ஸ்டாம்பு.

காரணம் சொல்கிறேன். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளவோட்டு மூன்றையும் பாருங்கள். நோட்டு செலவாகிறது, சாவி பூட்டைத் திறக்கிறது, வோட்டு எண்ணிக்கையில் சேருகிறது. கள்ளமாக வந்தது அசலின் வேலையைச் செய்துவிடுகிறது. போலிச் சாமியார், போலி டாக்டர் என்னும்போது தோற்றம்தான் உண்டு, உள்ளே சரக்கில்லை. 1872-இன் ஷில்லிங் தலை தந்தியை அனுப்பி வைத்தது. அது நோட்டு, சாவி ஜாதி.

> கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை எந்த ஜாதி? அங்கே எதுவும் அசலின் வேலையைச் செய்யவில்லையே.

நல்ல கேள்வி. அங்கே சட்டத்துக்கு மறைவாக நடப்பது என்ற மூலப்பொருள் முன்னால் நிற்கிறது. கள்ளத்தலையில் அந்தப் பொருளும் சேர்ந்தே இருப்பதால் நமக்கு லாபம்தான். இன்னொரு நண்பர் தெல்கி வழக்கை நினைவூட்டியிருந்தார். அரசை ஏமாற்றிய முத்திரைத்தாள்களை நம் செய்தித்தாள்கள் "போலி முத்திரைத்தாள் மோசடி" என்றுதான் எழுதின, கள்ள என்று எழுதவில்லை. உண்மை. நான் சொன்ன கணக்குப்படி அது கள்ள முத்திரைத்தாள். ஆனால் ஊர் முழுக்கப் பழகிவிட்ட தொடரைத் திருத்தக் கிளம்புவது நம் வேலையில்லை. தலைகளுக்கு இன்னும் எதுவும் பழகவில்லை என்பதால் இங்கே சரியாகவே தொடங்கலாம்.

இரண்டாவது வகை: தலை அசல், அதில் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். போன பசையை மறுபடி பூசுவது, வெட்டுப்பட்ட ஓரத்தில் புதிதாகத் துளை போடுவது, கிழிசலை மறைப்பது, இல்லாத மேலச்சை, அதாவது அச்சான தலைமேல் மறுபடி அச்சடித்த எழுத்தை, சேர்ப்பது. இதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று உண்டு. எந்தத் துப்பறியும் கதாசிரியராவது இதை இன்னும் விட்டுவைத்திருந்தால் ஆச்சரியம். கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் அஞ்சலகக் கொள்ளைகள் பெருகின. திருடிய தலைகளை வேறு மாநிலத்தில் விற்க முடியாதபடி செய்ய, 1929-இல் வழக்கமான தலைகளின் மேலே அந்தந்த மாநிலப் பெயரின் நாலெழுத்துச் சுருக்கத்தைக் கறுப்பில் அச்சடித்து விட்டார்கள். ஏற்பாடு நீடிக்கவில்லை. ஆனால் சேகரிப்பாளர்களுக்கு அந்தத் தலை அருமையாகிவிட்டது. உடனே வேறொரு கூட்டம் சாதாரணத் தலையைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகி அந்த நாலு எழுத்தைத் தட்டிவிட்டது. திருட்டைத் தடுக்க வந்த அச்சே அடுத்த மோசடிக்கு மூலதனம். கண்டுபிடிப்பதும் ரசமான வேலை: தலையைத் திருப்பி வைத்துச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், தட்டச்சு எழுத்து அழுத்திய இடம் பசைப்பக்கத்தில் புடைத்துத் தெரியும். அச்சு மை அப்படிப் புடைக்காது.

இதற்கு வந்த பரிந்துரைகளில் "ஒப்பனைத்தலை" எனக்கு அழகுநிலைய விளம்பரப் பலகையாகத்தான் தெரிகிறது, மன்னிக்கவும். "கைவைத்த தலை" பேச்சில் இயல்பு. ஆனால் கல்லாவில் கைவைத்தான் என்றால் திருடினான். மர்மக்கதைக்குள் அந்த இரட்டைப்பொருள் வேண்டாத குழப்பம். பத்திரப்பதிவு பார்த்தவர்கள் எல்லோருக்கும் "அடித்தல் திருத்தல்" தெரியும். நடந்த குற்றமும் அதுதான்: அசல் ஆவணம், அதில் ஒரு திருத்தல். எனவே பட்டியலில் திருத்தல் என்று போடுவோம். "இது போலி இல்லை சார், திருத்தல்." வாய்க்கு வருகிறது, வாசகரும் நிமிர்ந்து உட்காருவார்.

மிச்சமிருப்பது முதல்வகை, சேகரிப்பாளரை ஏமாற்ற முழுசாகச் செய்தது. அதற்குப் போலி என்ற சொல்லையே ஒதுக்கிக் கொடுத்துவிடலாம். தோற்றம் உண்டு, அஞ்சலில் வேலை செய்யும் நோக்கமே கிடையாது.

இதுவரை சுலபம். சிக்கல் ழான் த ஸ்பெராட்டியிடம் வருகிறது. 1884-இல் இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். மலிவான அசல் தலையை எடுப்பார். அதன் அச்சை மட்டும் ரசாயனத்தில் வெளுத்து எடுப்பார். தாள் அதே காலத்துத் தாள், நீர்க்குறி அசல், ஓரத்துளை அசல், பலவற்றில் அஞ்சல்குறிகூட அசல். அந்த வெறுந்தாளில் விலையுயர்ந்த தலையின் உருவத்தை அச்சடிப்பார். 1942-இல் லிஸ்பனுக்கு அவர் அனுப்பிய பொட்டலத்தைப் பிரெஞ்சு சுங்கத்துறை பிரித்தது. விலைமதிப்பற்ற தலைகளைச் சொல்லாமல் நாட்டுக்கு வெளியே கடத்துகிறார் என்று வழக்கு. அவர் சொன்ன பதில்: இவை அசலே இல்லை, நான் செய்தவை. யாரும் நம்பவில்லை. நிபுணராக வந்தவர் எட்மண்ட் லொக்கார்ட், ஆம், லியோனில் குற்றத்தடய ஆய்வுக்கூடம் நிறுவிய அதே லொக்கார்ட். அவரே அஞ்சல்தலைப் பித்தரும்கூட. அவர் பார்த்துவிட்டு அத்தனையும் அசல் என்றார். ஸ்பெராட்டி அதே தலைகளை மறுபடி செய்துகாட்டித் தன் குற்றத்தைத் தானே நிரூபிக்க வேண்டியதாயிற்று. தடயவியலின் தந்தையை ஏமாற்றியவன், தான் ஏமாற்றுக்காரன் என்று நிரூபிக்கப் போராடிய வழக்கு! இதைக் கற்பனையாக எழுதினால் பதிப்பாசிரியர் நம்பமாட்டார். கடைசியில் 1954-இல் பிரிட்டிஷ் அஞ்சல்தலைச் சங்கம் அவரது சரக்கை விலைகொடுத்து வாங்கி, தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதைப் போலி என்பதா, திருத்தல் என்பதா? உடல் முழுக்க அசல், உயிர் முழுக்கப் பொய். நமக்குச் சொல் தேடவே வேண்டாம், சித்தர் கதைகள் எப்போதோ கொடுத்துவிட்டன: கூடுவிட்டுக் கூடு பாய்தல். பழைய தலையின் கூட்டுக்குள் வேறு தலை பாய்ந்திருக்கிறது. கூடுபாய்ச்சல் என்பது முறைக்கு. கூடுபாய்ந்த தலை என்பது பொருளுக்கு. திருத்தலின் கீழே உட்பிரிவாக வைக்காமல் தனிப்பதிவாகவே வைக்கச் சொல்வேன். ஏனென்றால் துப்பறியும் வழியே வேறு. தாளையும் நீர்க்குறியையும் துளையையும் சோதித்து ஒரு பயனும் இல்லை. அச்சின் மையையும் கோட்டையும் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

> கூடுபாய்தல் அறிவியல் சொல்லாகத் தோன்றவில்லை. பகுதிப் போலி என்று போடலாமே.

பகுதிப் போலி என்றால் கால்வாசி போலி, அரைவாசி போலி என்றுதான் காதில் விழுகிறது. எந்தப் பகுதி என்று அடுத்த கேள்வி வரும். கூடுபாய்ந்தது என்றால் எது கூடு, எது பாய்ந்தது என்று தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

மேலே அஞ்சல்குறி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பட்டியலில் அஞ்சல்முத்திரை என்று இருந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பொருள் அஞ்சலகத்தில் குத்தும் சீல். இலங்கையில் முத்திரை என்றாலே ஸ்டாம்புதான். "முத்திரையில் இருந்த தேதி பொய்" என்ற வரியைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒட்டிய தலையில் தேதியைத் தேடுவார். கொலை நடந்த நாளில் வேறு ஊரில் இருந்தேன் என்பதற்கு அந்தத் தேதிதான் குற்றவாளியின் ஒரே சாட்சி என்னும்போது இது சின்னக் குழப்பமில்லை. அதனால் அஞ்சல்குறி. நீர்க்குறிக்குத் தங்கை மாதிரி அமைந்துவிட்டது. உரையாடலில் சென்னைக்காரர் சீல் என்றே பேசட்டும்.

குறியில் தலையைச் செல்லாததாக்கும் தடித்த கோடுகள் பகுதியை ஆங்கிலத்தில் கில்லர் என்பார்கள். 1840-இன் கறுப்புப் பென்னித் தலையில் சிவப்பு மையில் குத்தினார்கள், அதைக் கழுவித் தலையை மறுபடி ஒட்டிவிடலாம் என்ற பயம் வந்ததும் மறு ஆண்டே தலையைச் சிவப்பாக்கிக் கறுப்பு மைக்கு மாறினார்கள். அந்தக் கோடுகளுக்கு ஒருவர் "தலைக்கொல்லி" என்று எழுதியிருக்கிறார். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் இலக்கணம் சரி. ஆனால் கொலை நடக்கும் கதையில் இதை விட்டால் வாசகர் ஆயுதம் கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். நீக்கக்கோடு போதும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. தலை அசல், உறை அசல், அஞ்சல்குறி மட்டும் பொய். 1923-இன் ஜெர்மன் பணவீக்கக் காலத் தலைகளில் இது சர்வசாதாரணம். பயன்படுத்தாத தலை குப்பைவிலை, அக்காலத்தில் உண்மையாகவே தபாலில் போனது அருமை, ஆகவே பின்னாளில் பொய்க்குறி குத்தி விற்றார்கள். அங்கே ஏமாந்தது சேகரிப்பாளர், அதனால் போலிக்குறி எனலாம். நம் கதைகளில் அதே பொய்க்குறி நீதிமன்றத்தில் சாட்சியாகி வேலையும் செய்கிறது, அப்போது கள்ளக்குறி ஆகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பதிவு வைப்பதா, ஒன்றில் அடக்குவதா? இலங்கை நண்பர்கள் முதலில் சொல்லுங்கள். கள்ளக்குறி அங்கே வேறெதையாவது குறிக்கிறதா என்று தெரிந்தபிறகு பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்