கரண்ட் போனபிறகு ஓப்பன்சிம்ல ‘மால்ஃபார்ம்ட்’ பிழை: ரீஜனை மீட்க வழி உண்டா?

ராயபுரம்_ரயிலடி
வணக்கம். 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடத்தை ஓப்பன்சிமுலேட்டர்ல (ஓப்பன்சிம், 3டி மெய்நிகர் உலகம் நடத்துற சர்வர் மென்பொருள்) ஒரு ரீஜனா (அந்த உலகத்துல ஒரு நிலப்பகுதி) கட்டிக்கிட்டு இருக்கோம். உபுண்டு, ஸ்டேண்ட்அலோன் (எல்லாம் ஒரே மெஷின்ல), கூடவே வர்ற எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்தான். கரண்ட் போய் மெஷின் அணைஞ்சபிறகு கன்சோல்ல ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்’னு (டேட்டாபேஸ் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு) வருது. தரை சரியா இருக்கு. ஆனா சில தூண்களைக் காணோம், சிலது வெறும் பெட்டியா நிக்குது. பழைய ஓஏஆர் (ரீஜன் முழுசையும் ஒரே ஃபைலா சேமிச்ச நகல்) ஒண்ணு இருக்கு, முகப்பை மாத்துறதுக்கு முன்னாடி எடுத்தது. ஃபைலைச் சரிபண்ண முடியுமா? பக்கத்துல ‘-ஜர்னல்’னு முடியுற ஃபைல் ஒண்ணு கிடக்கு, அழிச்சிடலாமா?

பேசின்பிரிட்ஜ்
ஜர்னலைத் தொடாதீங்க சார். பாதியில நின்னுபோன எழுத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப எஸ்க்யூலைட்டுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். அதை அழிச்சதாலேயே கெட்டுப்போன டேட்டாபேஸ்கள் நிறைய.

முதல்ல சர்வரை நிறுத்துங்க, மறுபடி ஓட்டாதீங்க. உடைஞ்ச ஃபைல்மேல எழுத எழுத சேதம் பெருகும். ஓப்பன்சிமோட ‘பின்’ ஃபோல்டர்ல இருக்கிற எல்லா டிபி (டேட்டாபேஸ்) ஃபைலையும் ஜர்னலோட சேர்த்து வேற டிஸ்குக்கு நகல் எடுங்க. இனி வேலை எல்லாம் நகல்ல மட்டும்.

டிஸ்க் நல்லா இருக்கான்னும் பாருங்க. ஸ்மார்ட் அறிக்கையில (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியுறது) 5, 197 எண் வரிகள் (கெட்டுப்போய் மாத்தின பகுதிகள், சந்தேகமான பகுதிகள்) பூஜ்யமா இல்லைன்னா கரண்ட் மேல மட்டும் பழி போட முடியாது. கடற்காத்து அடிக்கிற நம்ம பக்கத்துல சாட்டா கேபிள் முனையையும் ஒருதரம் கழட்டிப் பாருங்க, பச்சை படிஞ்சிருக்கும்.

நகல்ல எஸ்க்யூலைட்டோட ‘பிராக்மா இன்டெக்ரிட்டி செக்’ கட்டளையை ஓட்டினா சேதத்தோட அளவு தெரியும். மீட்க ‘.டம்ப்’ (டேட்டாபேஸை எஸ்க்யூஎல் கட்டளைகளா எழுதித் தர்றது) வேண்டாம், பிழை வந்தா அந்த வெளியீடு ‘ரோல்பேக்’னு (எல்லாத்தையும் ரத்து செய்னு) முடியும், அப்படியே ஏத்தினா புது டேட்டாபேஸ் காலியா நிக்கும். ‘.ரெகவர்’ பயன்படுத்துங்க (எஸ்க்யூலைட் 3.29 அல்லது அதுக்கு மேல). பக்கம் பக்கமாப் படிச்சு கிடைச்சதை எடுக்கும். எந்த டேபிளைச் சேர்ந்ததுன்னு தெரியாத வரிகள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ டேபிள்ல விழும்.

தண்டையார்பேட்டை_48
பெட்டி ஏன் வருதுன்னா, ஒரு பொருளோட இடம், பேர், உரிமை எல்லாம் ‘பிரிம்ஸ்’ டேபிள்ல. வடிவம் மட்டும் ‘பிரிம்ஷேப்ஸ்’ டேபிள்ல. வடிவ வரி கிடைக்கலைன்னா சர்வர் வழக்கமான பெட்டியை வச்சிடும், லாக்ல ஒரு எச்சரிக்கையும் எழுதும். மீட்டபிறகு இரண்டு டேபிளோட வரி எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா யூயூஐடி (ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கிற தனி அடையாள எண்) வச்சு எது விடுபட்டதுன்னு பட்டியல் எடுங்க. ‘மைக்ரேஷன்ஸ்’ டேபிள் (டேபிள் அமைப்பு எந்தப் பதிப்புன்னு குறிச்சு வைக்கிறது) வந்திருக்கான்னும் கட்டாயம் பாருங்க. அது இல்லைன்னா சர்வர் டேபிள் அமைப்பை முதல் பதிப்புல இருந்து மறுபடி போட முயன்று பிழையில நிக்கும்.

கடைசியா செஞ்ச மாற்றம் சிலது எந்த ஃபைல்லயும் இருக்காது. ஒரு பொருளை மாத்தினா உடனே டிஸ்குக்குப் போகாது. இயல்பான அமைப்புல குறைஞ்சது 60 விநாடி, தொடர்ந்து அசைச்சுக்கிட்டே இருந்தா அதிகபட்சம் 600 விநாடி காத்திருக்கும். பெரிய வேலை முடிஞ்சதும் கன்சோல்ல ‘பேக்கப்’னு அடிச்சா அப்பவே எழுதிடும். அந்தக் கட்டளை நகல் எதுவும் எடுக்காது, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

ராயபுரம்_ரயிலடி
ரெகவர் முடிஞ்சது, மைக்ரேஷன்ஸ் இருக்கு. பிரிம்ஸைவிட பிரிம்ஷேப்ஸ்ல வரி கம்மி, எல்லாம் தூண்கள்தான். பழைய ஓஏஆரை ‘--மெர்ஜ்’ (இருக்கிறதை நீக்காம அதோட சேர்க்கிறது) போட்டு ஏத்தலாமா?

தண்டையார்பேட்டை_48
வேண்டாம் சார். ஏத்தும்போது பொருளுக்கெல்லாம் புது யூயூஐடி வரும். இருக்கிறது மேலேயே இன்னொரு ஸ்டேஷன் வந்து உட்காரும். மெர்ஜ் இல்லாம ஏத்தினா இப்ப மீட்ட முகப்பு போயிடும். தனியா ஒரு காலி ரீஜன் திறந்து அதுல ஏத்துங்க. தேவையான தூண்களை மட்டும் இன்வென்டரிக்கு (உங்க அவதாரோட பொருள் பை) எடுத்துட்டு வந்து இங்க வைங்க, பெட்டிகளை நீக்குங்க.

பேசின்பிரிட்ஜ்
அதை முடிச்சதும் புது ஓஏஆர் எடுங்க, தேதியோட பேர் கொடுங்க. பேர் கொடுக்காம விட்டா ஒவ்வொரு தடவையும் ‘ரீஜன்.ஓஏஆர்’தான், உடைஞ்ச நிலை நல்ல நகலை அழிச்சிடும். ஓஏஆர்ங்கிறது ஜிசிப் பண்ணின (சுருக்கின) டார் ஃபைல். பட்டியல் எடுத்து ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஃபோல்டர்ல எத்தனை ஃபைல்னு எண்ணுங்க. அவதாரோட இன்வென்டரி ஓஏஆர்ல வராது, அதுக்கு ‘சேவ் ஐஏஆர்’ கட்டளை தனி (ஐஏஆர்னா இன்வென்டரியோட நகல் ஃபைல்). ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில தண்ணி எங்கெல்லாம் ஏறுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

வீட்டு இன்வெர்ட்டர்ல மெஷின் ஓடுதுன்னா பின்னாடி சுவிட்ச் ‘யூபிஎஸ்’ மோட்ல இருக்கான்னு பாருங்க. சாதா மோட்ல லைட்டும் ஃபேனும் தாங்கும், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தாங்காம ரீஸ்டார்ட் ஆகிடும். பலபேர் உள்ள வர ஆரம்பிச்சா எஸ்க்யூலைட்டை விட்டு மரியாடிபிக்கு (தனியா ஓடுற டேட்டாபேஸ் சர்வர்) மாறுங்க. நேரா மாத்தித் தர்ற கருவியைத் தேடாம ஓஏஆர், ஐஏஆர் வழியா ஏத்துங்க. அதுல ‘இன்னோடிபி ஃப்ளஷ் லாக்’ அமைப்பு 1-லேயே (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே டிஸ்குல பதியுறது) இருக்கட்டும், வேகத்துக்காக 2 ஆக்காதீங்க.