மூன்று அகலத்திரை மானிட்டர்களை ஒன்றாகப் பொருத்தியவர்களின் அனுபவங்கள்

பக்க வடிவமைப்பாளர், சென்னை

முதல் இரண்டு மானிட்டர்களும் 24 அங்குலம், 1920×1080 பிக்சல், ஐ.பி.எஸ். வகைப் பேனல் (படம் தோன்றும் தகடு). மூன்றாவதையும் அதே மாடல் எண்ணைச் சொல்லித்தான் கணினிப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினேன். இடையில் ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. வெளிச்சம், நிறவெப்பம் (வெள்ளையில் தெரியும் மஞ்சள் அல்லது நீலச் சாயல்) எல்லாவற்றையும் மூன்றிலும் ஒரே எண்ணில் வைத்துவிட்டு, எழுத்தே இல்லாத வெள்ளைப் பக்கம் ஒன்றை இடத்திரையிலிருந்து வலப்புறமாக இழுத்துச் சென்றேன். நடுத்திரையைத் தாண்டியதும் அந்த வெள்ளையில் மஞ்சள் ஏறிவிட்டது. பாதிப் பக்கம் ஒரு திரையிலும் மறுபாதி அடுத்த திரையிலுமாக நின்றபோது, புதுத் தாளையும் பழைய தாளையும் ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. மானிட்டர்களைத் திருப்பிப் பின்புறச் சீட்டைப் பார்த்தால், உற்பத்தி மாதமும் வேறு, திருத்த (ரிவிஷன்) எண்ணும் வேறு. ஒரே மாடல் பெயரில் விற்றுக்கொண்டே உள்ளிருக்கும் பேனலை இடையில் மாற்றிவிடும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. பெட்டியின் மேல் அதற்கு எந்தக் குறிப்பும் இருப்பதில்லை. மாடல் எண் ஒன்றுதானே என்று கூறிக் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அட்டை வடிவமைப்பு வேலைகளை இன்றும் நடுத்திரைக்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன்.

கட்டட வரைவாளர், மதுரை

சென்னை நண்பர் நிறத்தை முதன்மைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் அளவுத்திருத்தக் கருவி ஒன்று இருந்தால் நிறத்தைப் பெருமளவு நெருக்கத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். உயர வேறுபாட்டை எந்தக் கருவியாலும் போக்க முடியாது. என்னிடம் நடுவில் 1920×1200, இருபுறமும் 1920×1080. மூன்றும் 24 அங்குலம்தான். ஆனால் அங்குலக் கணக்கு மூலைவிட்டத்துக்கு உரியது என்பதால், 16:10 விகித நடுத்திரை சுமார் 32.3 செ.மீ. உயரமும் 16:9 விகிதப் பக்கத்திரைகள் சுமார் 29.9 செ.மீ. உயரமும் கொண்டிருந்தன. விண்டோஸில் மேல்விளிம்புகளை ஒன்றாக வைத்தால், நடுத்திரையின் கடைசி 120 பிக்சல் வரிசைகளுக்குப் பக்கத்தில் திரையே கிடையாது. வீடு கட்டுபவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, வரைபடத்தின் கீழ்மூலையிலிருந்து பக்கத்திரைக் கருவிப்பட்டைக்கு மௌஸை வேகமாக நகர்த்தினேன்; அம்புக்குறி விளிம்பிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. "சார், கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

புதிதாக வாங்குவோருக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அங்குலத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிடுங்கள். 24 அங்குல 1920×1080 திரையில் அது ஏறத்தாழ 92. 27 அங்குல 2560×1440 திரையில் 109. 27 அங்குலத்திலேயே 1920×1080 என்றால் வெறும் 82. இந்த எண்கள் விலகினால், ஒரு திரையில் 5 செ.மீ. நீளமாகத் தெரியும் கோடு அடுத்த திரைக்குப் போனதும் வேறு நீளமாகிவிடும். எழுத்தின் அளவை விண்டோஸில் திரைக்குத் திரை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அதற்கு ஒத்துழைக்காத பழைய மென்பொருள்கள் பல உள்ளன. மூன்றும் ஒரே அளவாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. முன்பு பலர் விரும்பி அமைத்த ஒரு கூட்டணியில் 30 அங்குல 2560×1600 மானிட்டர் நடுவிலும், 20 அங்குல 1600×1200 மானிட்டர்கள் செங்குத்தாகத் திருப்பப்பட்டு இருபுறமும் நிற்கும். மூன்றின் உயரமும் 1600 பிக்சல், அடர்த்தியும் சுமார் 100. அளவில் வேறுபட்டவை அவ்வளவு அழகாகப் பொருந்தின. திருப்பி வைக்கும் திரை டி.என். வகைப் பேனலாக இருக்கக் கூடாது. கீழிருந்து பார்த்தால் இருளும் அதன் குறை, திருப்பியதும் பக்கவாட்டுக்கு வந்துவிடும்.

பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவர், திருச்சி

நிறம், உயரம் இரண்டும் மூன்று திரைகளும் ஒளிர்ந்த பிறகு எழும் சிக்கல்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு மூன்று மானிட்டர்களும் ஒரே மாதிரியானவை. ஆனால் மூன்றாவதை இயக்கினால் முதலாவது அணைந்துவிடும், முதலாவதை மீட்டால் இரண்டாவது போய்விடும். கேபிளை மாற்றினார், மானிட்டரை மாற்றினார், எதுவும் பயன்தரவில்லை. காரணம், ஒரு வகை இணைப்பை இன்னொரு வகைக்குப் பொருத்தும் மலிவான அடாப்டர் ஒன்று. எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ. ஆகிய இணைப்பு வகைகளின் சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் தனிக் கடிகாரத்துடிப்பு வேண்டும். அக்காலக் கார்டுகளில் அதற்கான சுற்று இரண்டே இருந்தன. 2009இல் ஏ.எம்.டி.யின் ரேடியான் எச்.டி. 5000 கார்டு வரிசையுடன், பல திரைகளை ஒன்றாக்கும் ஐஃபினிட்டி வசதி வந்தபோதே, மூன்றாவது மானிட்டரை டிஸ்பிளே போர்ட் என்னும் வேறு வகை இணைப்பில்தான் இணைக்க வேண்டும் என்பது விதி. சாதாரண அடாப்டர் அந்தப் போர்ட்டை டி.வி.ஐ. போலப் பேச வைக்குமே தவிர, சமிக்ஞையை மாற்றாது; அதனால் மூன்றாவது துடிப்பு தேவைப்பட்டுவிடும். தானே மாற்றித் தரும் ஆக்டிவ் அடாப்டர் போட்டதும் மூன்றும் ஒளிர்ந்தன. என்விடியா தரப்பில் இதே வேலையைச் செய்யும் சரவுண்டு வசதிக்கு முதலில் இரண்டு கார்டுகள் தேவைப்பட்டன, 2012இல் ஜி.டி.எக்ஸ். 600 வரிசை வந்த பிறகே ஒரு கார்டு போதுமானதாயிற்று. புதிய கார்டு வாங்குவோருக்கு இக்கவலை பெரிதாக இல்லை, பழையதை விலை பேசுவோருக்கு உண்டு.

சிமுலேட்டர் பந்தய ஆர்வலர், கோவை

மதுரை ஐயாவின் 30, 20 அங்குலக் கூட்டணி கணினிக் கார் பந்தய விளையாட்டுக்குச் சற்றும் ஆகாது. சரவுண்டில் மூன்றும் ஒரே ரெசல்யூஷன், ஒரே புதுப்பிப்பு வேகம் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) கொண்டிருக்க வேண்டும்.

நான் 27 அங்குல 2560×1440 மூன்றைத் தொடக்கத்தில் ஏறக்குறைய நேர்வரிசையில் வைத்திருந்தேன். ஒரு வளைவில் வலப்பக்கத் திரையில் வந்த கார் இழுபட்டு நீண்டு தெரிந்தது. அதன் மூக்கு எங்கே முடிகிறது என்று கண்ணால் தீர்மானிக்கவே முடியவில்லை, உள்ளே திரும்பியவுடன் இருவரும் மணலில் இறங்கிவிட்டோம். பிறகுதான் பக்கத்திரைகளை உள்நோக்கி மடிக்க வேண்டிய கோணத்தைக் கணக்கிட்டு வைத்தேன். திரையின் பாதி அகலத்தைக் கண்ணிலிருந்து திரைக்கான தொலைவால் வகுத்து, அதன் நேர்மாறு டேன்ஜென்ட்டை இரட்டிக்க வேண்டும். 59.8 செ.மீ. அகலத் திரைக்கு 60 செ.மீ. தொலைவில் அது சுமார் 53 பாகை. பலர் எண்ணுவதைவிட மிகக் கூர்மையான மடிப்பு இது. விளையாட்டிலும் மூன்று திரைகளுக்கும் தனித்தனிக் காட்சிக்கோணம் அமைக்கும் வசதியை இயக்க வேண்டும்.

இன்னொன்று, மூன்று திரைகளும் சேர்ந்த 7680×1440 என்பது ஒரு கோடியே பத்து லட்சம் பிக்சல். 4கே திரையில் 83 லட்சமே. மானிட்டருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கார்டில் சிக்கனம் பார்ப்பவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

மேலே எழுதிய அனைவரும் மேசைக் கணினிக்காரர்கள். என்னிடம் இருப்பது மடிக்கணினியும், ஒரே கேபிளில் பல கருவிகளை அதனுடன் இணைக்கும் டாக் என்னும் பெட்டியும்; மூன்று 1920×1080 மானிட்டர்கள், மூன்றும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. மூன்றாவதைச் செருகியதும் படம் வந்தது. ஆனால் அதில் மூலநூலின் பக்கத்தை உருட்டினால் வரிகள் விட்டு விட்டு நகர்ந்தன. திரை 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 படத்துக்கு, இறங்கியிருந்தது. அந்த டாக், கேபிளின் நான்கு தரவுத்தடங்களில் இரண்டை யூ.எஸ்.பி.க்கு ஒதுக்கிவிடுகிறது, மீதி இரண்டில் படத்துக்குக் கிடைப்பது நொடிக்கு 8.64 ஜிகாபிட். 60 ஹெர்ட்ஸில் ஒரு திரைக்கே மூன்று ஜிகாபிட்டுக்கு மேல் தேவைப்படுவதால் இரண்டு திரைகளோடு கணக்கு முடிந்துவிடுகிறது. டாக்கில் மூன்று போர்ட்டுகள் இருப்பது மூன்றும் முழு வேகத்தில் ஓடும் என்பதற்கு உறுதி ஆகாது. மூன்றாவது மானிட்டரை இப்போது மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் நேரடியாக இணைத்திருக்கிறேன். மூன்றும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன.