மே முதல் வாரம் மவுண்ட் மார்சி: பனியா, சேறா? ஸ்பைக் மட்டும் போதுமா?

நியூஜெர்சி_நடை:

வணக்கம். மே முதல் சனிக்கிழமை நாலு பேர் நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் ஹை பீக்ஸ் மலைகளுக்குப் போகலாம்னு இருக்கோம். வெள்ளி இரவு லேக் பிளாசிட்ல தங்கல். சனி காலை 7 மணிக்கு அடிரான்டாக் லோஜ் பார்க்கிங்ல இருந்து கிளம்பி, வான் ஹோவன்பர்க் பாதை வழியா மார்சி உச்சி, அன்னைக்கே இறக்கம். போக வர 14.8 மைல். கோடையில கேட்ஸ்கில்ஸ் பக்கம் 12 மைல் நடக்குற பழக்கம் நாலு பேருக்கும் உண்டு, பனியில நடந்து பழக்கம் இல்லை. கைவசம் இருக்கறது ட்ரெயில் ரன்னர் ஷூ, மைக்ரோஸ்பைக் (ஷூ அடியில மாட்டுற இரும்புப் பல் சங்கிலி), மழைக்கோட்டு.

கேள்விகள்: அந்த நேரம் மேலே பனி எவ்வளவு இருக்கும்? ஸ்பைக் போதுமா? "சேற்றுப் பாதை, போக வேண்டாம்"னு மாநிலம் போடுற அறிவிப்பு தடையா, வேண்டுகோளா? ஒரு நாளை ரெண்டு நாளாக்கி மார்சி டேம்ல கூடாரம் போட்டா சுலபமாகுமா?

பனிச்சுவடு:

ஸ்பைக் மட்டும் போதாது. மார்சிக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரைதான் வருஷத்திலேயே மோசமான நேரம். ஜனவரியில குளிர் கடுமை, ஆனா கால் வைக்கிற இடம் உறுதியா இருக்கும். மே மாசம் அந்த உறுதி போயிடும்.

லோஜ் இருக்கிறது 2,180 அடியில, மார்சி உச்சி 5,344 அடியில. நடுவுல மூணு விதமான தரை வரும். மார்சி டேம் வரைக்கும், அதாவது முதல் இரண்டேகால் மைல், சேறும் ஓடுற தண்ணியும். சுமார் 3,000 அடிக்கு மேல பனி திட்டுத்திட்டா தொடங்கும். இண்டியன் ஃபால்ஸ் தாண்டினா, அதாவது லோஜிலிருந்து நாலரை மைலுக்கு மேல, பெரும்பாலான வருஷம் பனி விடாம இருக்கும். மரக்கோட்டுக்கு (மரம் வளர்ற கடைசி உயரத்துக்கு) மேல வெறும் பாறை, ஈரம், இடுக்குகள்ல பனிக்கட்டி.

சிக்கல் அந்த நடுப்பகுதியிலதான். குளிர்காலம் பூரா எல்லாரும் பாதை நடுவுல நடந்து நடந்து பனியை இறுக்கி வெச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் மிதிபடாத பனி முதல்ல கரையும். மிஞ்சுறது வயல் வரப்பு மாதிரி ஓரடி அகலத்துல ஒரு பனிக்கட்டி மேடு. அங்க நடக்கறவங்க அதை மோனோரயில்னு சொல்வாங்க. அதுல இருந்து கால் நழுவினா தொடை வரைக்கும் பக்கவாட்டுப் பனியில இறங்கும். பனிக்கு அடியில பாறையும் மரவேரும் சூடாகி சுத்திலும் பொந்து விழுந்திருக்கும். கால் அந்தப் பொந்துல மாட்டி, உடம்பு முன்னாடி சாயும்போதுதான் முழங்கால் திருகுது. சின்ன ஸ்ப்ரூஸ் மரங்களைச் சுத்தி இந்தப் பொந்து இன்னும் ஆழம். மரத்து நுனி மட்டும் வெளியே தெரிஞ்சா அதை ஒட்டி நடக்கவே கூடாது.

ஸ்பைக் வழுக்காம பார்த்துக்கும், புதையாம பார்த்துக்காது. உடம்பு எடையைப் பரப்பித் தாங்க ஸ்னோஷூ, அதாவது ஷூவுக்கு அடியில கட்டுற அகலமான சட்டம், வேணும். ஹை பீக்ஸ் வனத்துல 8 அங்குலத்துக்கு மேல பனி இருந்தா ஸ்னோஷூ அல்லது ஸ்கீ கட்டாயம்னு விதியே இருக்கு. மே மாசம்னு விலக்கு கிடையாது. ஒருத்தர் ஸ்னோஷூ இல்லாம போட்டுட்டுப் போற குழி ராத்திரி உறைஞ்சு, அடுத்து வர்றவருக்குக் கண்ணி ஆகிடும். அடியில இரும்புப் பல்லும், குதிகால் உயர்த்தியும் உள்ள மாடலாப் பாருங்க. வாடகைக்கு எடுக்கறதா இருந்தா அந்தத் தேதியில கொடுக்கறாங்களான்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க.

நேரக்கணக்கும் மாறும். காலையில பனி உறைஞ்சு தாங்கும், மத்தியானம் 12 மணிக்கு மேல சர்க்கரை மாதிரி உதிரும். 7 மணிக்குக் கிளம்பினா நீங்க உச்சியை விட்டு இறங்குறது சரியா அந்த மோசமான நேரத்துல. புதையிற பனியில மணிக்கு ஒரு மைல்கூட நகராது. கோடையில 12 மைல் நடக்குற வேகத்தை வெச்சு இதைக் கணக்குப் போடாதீங்க.

போறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ரெண்டு. மாநிலச் சுற்றுச்சூழல் துறை வாரம் ஒரு முறை புதுப்பிக்கிற அடிரான்டாக் பாதை நிலவரம், அதுல லேக் கோல்டன் புறக்காவல் நிலையத்துல அளக்கிற பனி ஆழம். அந்த இடம் 2,750 அடிதான். அங்க ஒரு அடி பனின்னா மார்சி தோள்ல அதைவிட நிறைய இருக்கும். ரெண்டாவது, ஊர் வானிலையைப் பார்க்காம உச்சிக்கான வானிலையைப் பாருங்க. லோஜுக்கும் உச்சிக்கும் 3,000 அடிக்கு மேல வித்தியாசம், சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே மழைன்னா மேலே ஈரப்பனி.

வேர்_மண்:

அறிவிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேண்டுகோள், அபராதம் இல்லை. 2,500 அடிக்கு மேல் உள்ள பாதைகளைத் தவிர்க்கும்படி கேட்கிறார்கள். மார்சி, அல்கான்குயின், கோல்டன், ஸ்கைலைட், கோதிக்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. லேக் ஆர்னால்ட் குறுக்குப் பாதையும் உண்டு. பக்கத்து வெர்மான்டில் மாநில நிலத்தில் உள்ள உயரமான பாதைகள் சில மெமோரியல் டே (மே கடைசித் திங்கள்) வரை மூடியே இருக்கும். நியூயார்க் கதவைப் பூட்டாமல் நடப்பவரின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அதனாலேயே இதை மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இந்த மலைகளில் மட்டும் இவ்வளவு சேறு? பாறை மேல் படிந்திருக்கும் மண் மிக மெல்லியது. அதிலும் மேல்பகுதி இலைமக்கு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹை பீக்ஸின் பழைய பாதைகள் பலவற்றில் வளைந்து ஏறும் திருப்பங்களே கிடையாது, சரிவில் நேர்க்கோடாக ஏறும். பனி உருகும் தண்ணீருக்கு அதைவிட வசதியான வாய்க்கால் வேறு இல்லை. போதாததற்கு மே மாதத்தில் மேல்மண் இளகியிருக்கும், அடிமண் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அந்த நிலையில் பூட்ஸ் மிதிபட்டால் மண் குழம்பி அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுவது வேரும் உருண்டைக் கல்லும்தான்.

இதைவிடப் பெரிய சேதம் ஓரம் ஒதுங்குவதால் வருகிறது. ஷூ நனையக்கூடாது என்று ஒவ்வொருவரும் சேற்றைச் சுற்றிப் போக, மூன்றடிப் பாதை பதினைந்து அடியாகிறது. அறிவிப்பு இல்லாத நாளிலும், தாழ்வான பாதையிலும் விதி ஒன்றே: சேற்றின் நடுவே நடங்கள். கல் இருந்தால் கல்மேல், இல்லாவிட்டால் சேற்றிலேயே. இதற்கு உங்கள் ட்ரெயில் ரன்னர் சரிவராது. கணுக்காலுக்கு மேல் ஏறும், தண்ணீர் புகாத பூட்ஸும் முழங்கால் வரை கெய்ட்டரும் (பூட்ஸ் மேல் கட்டும் காலுறை மூடி) இருந்தால்தான் நடுவில் நடக்க மனம் வரும்.

உச்சியின் நிலைமை இன்னும் நொய்மையானது. மரக்கோட்டுக்கு மேல் வளரும் ஆல்பைன் செடிகள் அடிரான்டாக்கில் மொத்தமே சுமார் 170 ஏக்கரில்தான் இருக்கின்றன. டயபென்சியா போன்ற மெத்தைச் செடி ஒரு சாண் அகலம் பரவப் பல பத்தாண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் பனி அதை மூடிக் காக்கும், கோடையில் பாதை காய்ந்திருப்பதால் ஆட்கள் பாறை மேலேயே நடப்பார்கள். மே மாதத்தில் பாறையில் பனிக்கட்டியும் தண்ணீரும் இருக்கும், பக்கத்தில் செடி மட்டும் காய்ந்து கிடக்கும். கால் தானாகவே அங்கே போகும். கற்குவியல் அடையாளங்களையும் மஞ்சள் வண்ணக் குறிகளையும் விட்டு ஓர் அடிகூட விலகாமல் அந்த வழுக்குப் பாறையில் ஏற முடியாது என்றால், அன்று உச்சிக்குப் போகாமல் இருப்பதே சரி.

நியூஜெர்சி_நடை:

புரியுது. மார்சியை விட்டுடறோம். ஆனா லீவும் ரூமும் போட்டாச்சு. அந்த சனி, ஞாயிறுல உருப்படியா எங்க நடக்கலாம்? கூடாரம் பத்தியும் யாராவது சொல்லுங்க.

தாழ்மலை:

தாராளமா நடக்கலாம். லோஜ் பார்க்கிங்லயே வண்டியை விட்டுட்டு மவுண்ட் ஜோ. உயரம் 2,876 அடி, ஏறுறது 700 அடி சொச்சம். ஹார்ட் லேக் கரையிலிருந்து குறுகிய பாதையில ஏறி நீளப் பாதையில இறங்குங்க. குறுகியது செங்குத்து, ஈரத்துல ஏற லாயக்கு, இறங்க லாயக்கில்லை. மேலே நின்னா நீங்க போக நினைச்ச மலைகள் எல்லாம் எதிர்ல, பனியோட. இந்த சீசன்ல அந்தக் காட்சிக்கு இதைவிட நல்ல இடம் தெரியாது.

அடுத்தது மவுண்ட் வான் ஹோவன்பர்க். பேர்தான் ஒண்ணு, மார்சிக்குப் போற பாதை வேற, இந்த மலை வேற. பாப்ஸ்லெட் (பனிக்கட்டித் தடத்துல வண்டி ஓட்டுற பந்தயம்) வளாகம் இருக்கிற பக்கத்திலிருந்து ஏறுங்க. அது சமீபத்துல வெட்டின பாதை, கல்படி போட்டு, தண்ணி வடிய வழி செஞ்சு, திருப்பங்களோட ஏறும். பழைய பாதைகள் சேறா கிடக்கும்போது இது தாக்குப்பிடிக்கும். சௌத் மெடோ பக்கத்துப் பழைய பாதை வேண்டாம், ஈரம் ஜாஸ்தி. சௌத் மெடோ ரோடு, கோரிஸ் ரோடு மாதிரி மண் ரோடுகள் வேற, காயற வரைக்கும் கேட் போட்டிருப்பாங்க. ஜிபிஎஸ் அந்த வழி காட்டினா நம்பாதீங்க.

ஞாயிறு அரை நாள்தான்னா சரனாக் லேக்ல பேக்கர் மலை: 2,452 அடி, போக வர ரெண்டு மைலுக்குள்ள, ஏற்றம் 900 அடி. திரும்பி வீட்டுக்குப் போற வழியில ரூட் 73 ஓரமா ரோரிங் புரூக் அருவி. 300 அடிக்கு மேல விழும், பனி உருகுற இந்த ரெண்டு மூணு வாரம்தான் அதுக்கு முழு வேகம். அடிவாரம் வரைக்கும் போற கிளைப்பாதை குட்டியூண்டு. மேல் விளிம்புக்குப் போறது வேற பாதை, அங்க ஓரத்துப் பாறை வழுக்கும், தண்ணிகிட்ட போகாதீங்க.

இதுக்கெல்லாம் ஸ்பைக் பையில இருக்கட்டும். வடக்குச் சரிவுல நிழல்ல பத்து இருபது அடி பனிக்கட்டி கிடக்கலாம். பாறை, வேர், மரப்பலகை மேல ஸ்பைக்கோட நடக்காதீங்க, சங்கிலி அறுந்துடும், பலகையும் நாசமாகும்.

செயின்ட் ஹூபர்ட்ஸ்ல இருக்கிற அடிரான்டாக் மவுண்டன் ரிசர்வ் பக்கம் போற யோசனை இருந்தா, மே 1 முதல் அக்டோபர் 31 வரை பார்க்கிங்குக்கும் நுழையறதுக்கும் முன்பதிவு வேணும். காசு கிடையாது, ஆனா பதிவு இல்லாம உள்ளே விடமாட்டாங்க. நாயும் கூடாது.

ஓடைக்கரை:

கூடாரம்: மார்சி டேமில் தங்கினால் தூரம் இரண்டேகால் மைல்தான் குறையும், மேலே இருக்கிற பனி அப்படியேதான் இருக்கும். ஆகவே மார்சிக்கு அது தீர்வு ஆகாது. வெறும் தங்கலுக்காகப் போனால் தெரிந்துகொள்ள வேண்டியவை: கிழக்கு ஹை பீக்ஸில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை இரவு தங்குபவர் கரடி புகாத உணவுப் பெட்டி வைத்திருப்பது கட்டாயம். உணவு மட்டும் போதாது, பற்பசை, சோப்பு, குப்பை எல்லாம் அதற்குள். கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளித் தரையில் வையுங்கள். ஓடைக்குப் பக்கத்தில் வைத்தால் கரடி உருட்டிவிட்டுப் பெட்டி மிதந்து போய்விடும். விறகு நெருப்பு வருடம் முழுவதும் தடை, ஆகவே காஸ் அடுப்பு. இரவு தங்கும் குழு எட்டுப் பேருக்கு மேல் கூடாது. 4,000 அடிக்கு மேல் அங்கே எந்தப் பருவத்திலும் கூடாரம் கிடையாது. மே முதல் வாரத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். கோடைத் தூக்கப்பையோடு போகாதீர்கள், அடியில் விரிக்கும் பாயும் தடிமனாக இருக்கட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று ஓடைகள். பகல் வெயிலில் உருகிய பனி மாலையில்தான் ஓடைக்கு வந்து சேர்கிறது. காலை எட்டு மணிக்குக் கல் தாவிக் கடந்த ஓடை மாலை ஐந்துக்கு முழங்காலுக்கு மேல் ஓடும். பனி மேல் மழை பெய்தால் ஒரே இரவில் பெருகும். மார்சி டேமில் பாலம் இருக்கிறது: 2011 ஐரீன் புயலில் பழைய பாலம் போன பிறகு சற்றுக் கீழே புதிதாகக் கட்டியது. அதைத் தாண்டி ஃபெல்ப்ஸ் ஓடையில் இரண்டு வழி பிரியும், கல் தாவும் வழி ஒன்று, வெள்ளக் காலப் பாலம் வழி ஒன்று. வசந்தத்தில் யோசிக்காமல் பாலத்துக்குப் போங்கள்.

பாலம் இல்லாத இடத்தில் கடக்க நேர்ந்தால்: பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. ஷூவைக் கழற்றாதீர்கள். ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, கைத்தடியை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். அகலமான இடத்தில் ஆழம் குறைவு. குறுகலான இடம் கிட்டம் என்று ஏமாறாதீர்கள். வேகமான தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். அந்தத் தண்ணீர் உறைநிலையை ஒட்டிய குளிர், இரண்டு நிமிடத்தில் கால் மரத்துவிடும். அவலாஞ்ச் ஏரி, லேக் கோல்டன் மேல் மிச்சமிருக்கும் பனிக்கட்டியில் கால் வைக்கவே வேண்டாம்.

உடை: 2 முதல் 8 டிகிரி செல்சியஸும் மழையும் சேர்ந்த நாள்தான் உறைபனியைவிட ஆபத்து. பருத்திச் சட்டை, ஜீன்ஸ் கூடாது. ஆளுக்கு ஒரு மாற்றுக் காலுறை, மாற்றுக் கையுறை, தலைவிளக்கு. பாதை முகப்பில் உள்ள பதிவேட்டில் நால்வர் பெயரையும் எழுதுங்கள், தேட வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். உள்ளே போன் எடுக்காத இடமே அதிகம், அச்சிட்ட வரைபடம் வேண்டும். சிக்னல் கிடைத்தால் வனக் காவலர்களின் அவசர எண் 833-697-7264.

தாழ்மலை:

ஒண்ணு விட்டுப்போச்சு. மார்சியை எப்போ வெச்சுக்கலாம்னு கேப்பீங்க. அறிவிப்பை விலக்கினாலும் ஜூன்ல கருப்பு ஈ படுத்தும். மே நடுவுல ஆரம்பிச்சு ஜூன் கடைசி வரைக்கும் காது, கழுத்து, தலைமுடி ஓரம் கடிச்சு ரத்தம் வரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி பாருங்க. மே மாசம் கீழே நடக்கறதுக்கு உண்ணி கவனம்: பேன்ட் நுனியைக் காலுறைக்குள்ள சொருகுங்க, பெர்மெத்ரின் பூச்சிமருந்து துணிக்கு மட்டும், முதல் நாளே தெளிச்சு காயவிடுங்க, தோல்ல படக்கூடாது.