ஃபின்லியின் ஏதென்ஸ்: அடமானக் கல்லா, கப்பல் கடனா?

நெய்தல்:
பண்டைய வரலாற்றாசிரியர் மோசஸ் ஃபின்லி 1973இல் எழுதிய 'பண்டைய பொருளாதாரம்' நூலை இன்னும் வேதவாக்காகக் கொள்ள வேண்டுமா? கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் லாபத்தைவிட அந்தஸ்தே பெரிது, நிலமே செல்வம் என்கிறார். ஏதென்ஸோ கருங்கடல் தானியத்தை எதிர்பார்த்து வாழ்ந்த ஊர். கடலை ஓரங்கட்டிவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியுமா?

கல்வெட்டுப் பித்தன்:
அவர் அந்த முடிவுக்கு வந்த வழியைப் பாருங்கள், நண்பரே. அடமானம் வைத்த நிலத்தில் ஏதென்ஸ்காரர்கள் 'ஹோரோஸ்' என்ற கல்லை நட்டார்கள். இந்த நிலம் இன்னாருக்கு ஈடு என்று அதில் வெட்டியிருக்கும். 1952இல் வெளிவந்த ஃபின்லியின் முதல் நூலே அந்தக் கற்களைப் பற்றியதுதான். பல கற்கள் பெண்ணின் சீதனத்துக்கு ஈடாக நட்டவை. தொழிலைப் பெருக்க வாங்கிய கடனுக்கு அவற்றில் அவர் தடயம் காணவில்லை.

நெய்தல்:
கப்பல் கடனுக்கு யாரும் கல் நடுவதில்லையே! ஏதென்ஸின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் வழங்கும் லாக்ரிடோஸ் வழக்குரையில் ஒப்பந்தமே இருக்கிறது. கடன் 3000 டிராக்மா, ஈடு 3000 ஜாடி மெண்டே ஊர் ஒயின். ஆயிரத்துக்கு 225 வட்டி. சுவாதி நட்சத்திரம் உதித்த பிறகு கருங்கடலிலிருந்து கிளம்பினால் 300. புயல் பருவத்துக்கு வட்டியை ஏற்றியவர்களுக்கு லாபக் கணக்கு தெரியாதா?

ஏடகம்:
கப்பல் மூழ்கினால் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதனால்தான் ஃபின்லி அதைத் தொழில் முதலீடாக அல்ல, காப்பீடாகப் பார்த்தார்.

நெய்தல்:
காப்பீடும் வணிகர்களுக்குத்தானே தேவை?

கல்வெட்டுப் பித்தன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வேதவாக்கு' என்ற சொல் உறுத்துகிறது. 1952இல் அமெரிக்க செனட் துணைக்குழு கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழக வேலையையே இழந்தவர் அவர். இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1985 பதிப்பில் விமர்சனங்களை எதிர்கொள்ளவே ஓர் அத்தியாயம் சேர்த்தார். கேள்விக்கு அஞ்சியவர் அல்லர்.

நெய்தல்:
அந்த மனிதர்மீது எனக்கும் மதிப்பு உண்டு. அதே 1985இல்தான் வியன்னா பாப்பிரஸ், அதாவது வியன்னாவில் இருக்கும் ரோமானியர் காலத்து நாணல்தாள் ஆவணம், முதன்முதலாகப் பதிப்பிக்கப்பட்டது. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன், கிரேக்க மொழியில். மறுபக்கம் ஹெர்மாபோலோன் கப்பலில் வந்த தந்தமும் நறுமணப் பொருளும் என்ன விலை பெறும் என்ற கணக்கு. மறு ஆண்டே ஃபின்லி காலமானார். அந்தத் தாளை அவர் முன்னே விரித்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் ஐயா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.