சொந்தங்கள் குழுவில் ஓர் அரிவாள் பேச்சு

சனிக்கிழமை

தம்பி (மாலை 6:10): மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பட்டறைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று கிடைத்திருக்கிறது, அதுதான் உலை. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் வந்துவிட்டது. முதல் வேலை, மட்டை வெட்ட அம்மாவுக்கு ஓர் அரிவாள். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் 16 எம்எம் கம்பித் துண்டு கொஞ்சம் கொடுத்தார்கள். மாமா, இதில் அடிக்கலாம்தானே?

மாமா: உருவம் வரும். கூர் நிற்காது.

தம்பி: கட்டடத்தையே தாங்குகிற கம்பி மாமா அது!

நான்: கட்டடத்துக்கு வேண்டியது இழுவைக்கும் வளைவுக்கும் ஈடு கொடுப்பது. அதனால் அதில் கார்பனைக் குறைவாகத்தான் வைப்பார்கள், அதிகபட்சம் 0.3 சதவீதம். டிஎம்டி கம்பி ஆலையில் உருண்டு வரும்போதே தண்ணீர் பீய்ச்சி வெளித்தோலைக் கடினமாக்குகிறார்கள். நீ உலையில் சிவக்கக் காய்ச்சினால் அந்தத் தோல் போய்விடும். அப்புறம் எத்தனை முறை முக்கினாலும் கூர் நிற்கிற அளவுக்கு இறுகாது.

மாமா: லாரிக்கு அடியில் இருக்கிற வில்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தேடு. காயலான் கடையில் கிடைக்கும். திருப்பாச்சேத்தியில் என் பட்டறையில் இத்தனை வருஷமாக அதில்தான் அடிக்கிறேன்.

நான்: வில்பட்டையில் கார்பன் 0.5, 0.6 சதவீதம் இருக்கும். கூடவே சிலிக்கானோ குரோமியமோ சேர்த்திருப்பார்கள். அது இறுகும், வளைந்தாலும் திரும்பும்.

தம்பி: கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் வில்பட்டை என்றுதான் சொல்வார். வெட்டிக் கொடுத்த துண்டை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமா: இருட்டியபின் சாணையில் பிடி. கம்பியில் வரும் பொறி நீளக் கோடாக ஓடி அணைந்துவிடும். பட்டையில் வரும் பொறி நுனியில் மத்தாப்பு மாதிரி பூப்பூவாக வெடிக்கும். கரி, அதாவது கார்பன், கூடக் கூடப் பூவும் கூடும். உன் கையில் இருக்கிற கம்பியையும் பக்கத்தில் வைத்துப் பிடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். எந்த இரும்பு என்று தெரியாமல் ஒரு துண்டையும் உலையில் வைக்காதே. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அக்கா: சாணை பிடிக்கும்போது அந்த மெஷினில் கார்டு, அதான் பாதுகாப்பு மூடி, இருக்கட்டும். கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்து, சாணை வில்லை உடைந்து முகத்தில் பட்டு வருகிறவர்களை எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 4 இஞ்ச் மெஷினில் 5 இஞ்ச் வில்லை மாட்டவும் கூடாது.

தம்பி: சரி அக்கா. மாமா, பட்டையில் வெட்டுகிற வாய்ப்பகுதி மட்டும் அடித்துவிட்டு, பிடிக்குப் போகிற காம்பைக் கம்பியில் செய்து வெல்டிங் வைத்துவிடட்டுமா? வேலை பாதியாகும்.

நான்: வேண்டாம். வில்பட்டை மேல் சாதாரண 6013 வெல்டிங் ராடு வைத்தால் பற்றின மாதிரி தெரியும். ஆனால் வெல்டுக்குப் பக்கத்தில் சூடு ஏறி, சுற்றியிருக்கிற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அந்த இடம் கண்ணாடியாக இறுகி நிற்கும். மட்டையில் ஓங்கிப் போடும்போது அங்கேதான் தெறிக்கும். தெறித்த வாய் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, கீழே அம்மா நிற்பார்கள். திருச்சியில் தினம் வெல்டிங் செய்கிறவன் சொல்கிறேன்: அரிவாளில் வெல்டிங்குக்கு வேலையே இல்லை.

மாமா: அவன் சொல்வது சரி. காம்பையும் அதே பட்டையிலிருந்து இழுத்து அடி. நுனியைப் பிடிக்குள் விட்டு, பூண் போட்டு இறுக்கு. கையும் வலிக்கத்தான் செய்யும். ஆரஞ்சு நிறத்தில் அடி, மங்கின சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி உலைக்குள் வை. ஆறின பட்டையை அடித்தால் உள்ளே கீறல் விடும். வெள்ளையாகி இரும்பிலிருந்தே பொறி பறந்தால் கருகிவிட்டது, அந்தத் துண்டு உதவாது.

தம்பி: துவைச்சல், அதாவது இறுகுவதற்காகச் சூட்டோடு முக்குவது, தண்ணீரிலா எண்ணெயிலா?

மாமா: நான் வாயை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுப்பேன், அது கைப்பழக்கம். நீ எண்ணெயில் முக்கு. பட்டையை முழுக்கத் தண்ணீரில் போட்டால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், வாய் பிளந்துவிட்டது. அடித்து முடித்ததும் காந்தம் ஒட்டாத சிவப்புக்குக் காய்ச்சி, காற்றில் ஆறவிடு. இப்படி மூன்று தடவை. அதற்கப்புறம்தான் துவைச்சல்.

நான்: காந்தம் விட்டுவிடுவது 770 டிகிரி வாக்கில். அதைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்ததும் எண்ணெய்க்குள் இறக்கு. பலகாரம் சுட்ட பழைய எண்ணெய் போதும், லேசாகச் சூடு பண்ணிக்கொள். கழிவு என்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை கெட்டது. பிளாஸ்டிக் வாளி கூடாது, இரும்புப் பாத்திரம்தான். மேலே தீப்பிடித்தால் மூட ஒரு தகரம் பக்கத்தில் இருக்கட்டும். கொட்டகை ஓலைக்குக் கீழே இதைச் செய்யவே செய்யாதே.

மாமா: எண்ணெயிலிருந்து எடுத்ததும் அரத்தால் உரசு. அரம் வழுக்கினால் இறுகிவிட்டது. அப்படியே விட்டால் உடையும், அதனால் வாயைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு முதுகுப்பக்கம் சூடு காட்டு. மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ, நீலம் என்று நிறம் ஓடி வரும். வாய்க்குக் கத்தரிப்பூ வந்ததும் தண்ணீரில் வை, சூடு நின்றுவிடும். மட்டை வெட்டுக்கு அதுதான் சரி. முதுகு நீலம் போகலாம், நல்லதுதான்.

அம்மா: அரிவாள் மெதுவாக வரட்டும். எனக்கு முதலில் புடலைப் பந்தல் வேண்டும். மோட்டார் ரூமில் பழைய தண்ணீர் பைப் கிடக்கிறதே, அதை ஒட்டிக் கொடு.

தம்பி: அது நாளைக்கே முடிந்துவிடும் அம்மா. 12 நம்பர் ராடு, 75 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் ஓடும்.

நான்: பொறு பொறு. அது ஜிஐ பைப். மேல்பூச்சு துத்தநாகம். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும், துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நீ ராடை வைத்ததும் வெள்ளைப் புகை கிளம்பும். அது நேராக மாஸ்க்குக்குள்தான் போகும்.

அக்கா: அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும், உடம்பெல்லாம் வலிக்கும், வாயில் உலோக ருசி. வைரல் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். மூச்சு வாங்கினால் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பால் குடித்துவிட்டு வெல்டிங் செய்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மையில்லை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

அம்மா: அப்படியென்றால் எனக்கு அந்தப் பைப்பே வேண்டாம்.

நான்: பைப்பைப் பயன்படுத்தலாம் அம்மா, ஒட்டத்தான் வேண்டாம். கிளாம்ப் போட்டு போல்ட்டில் முடுக்கினால் பந்தல் நிற்கும், வேண்டும்போது கழற்றவும் செய்யலாம். தம்பி, உன் உலைக்குக் காற்று போகிற குழாய் எது?

தம்பி: ... அதுவும் ஜிஐதான். இன்னும் மாட்டவில்லை.

நான்: மாற்று. துத்தநாகம் பூசாத கறுப்பு எம்எஸ் பைப் ஓர் அடி போதும், விலை ஒன்றும் பெரிதில்லை. டிரம்மின் அடியில் அது தினமும் சிவக்கும்.

அக்கா: இன்னொன்று. நம் வாண்டுகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும். வெல்டிங் ஒளியைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, நடு ராத்திரியில் கண் உறுத்தி, நீர் கொட்டி, அழ ஆரம்பிக்கும். ஊரில் உடனே தாய்ப்பால் விடு என்பார்கள். விடாதீர்கள், கண்ணுக்குள் கிருமி புகுந்துவிடும். கண் டாக்டரிடம் காட்டுங்கள். அதைவிட, நடுவில் ஒரு தகரமோ தார்ப்பாயோ கட்டி மறைத்துவிடு. உனக்கு முகமூடிக் கண்ணாடி எத்தனை நம்பர்?

தம்பி: 11 அக்கா. தார்ப்பாய் இருக்கிறது, கட்டிவிடுகிறேன்.

நான்: தார்ப்பாய் பொறி பட்டால் எரியும். தகரம் கட்டு.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி (இரவு 7:35): மாமா, காயலான் கடையிலிருந்து ஒரு பட்டை எடுத்து வந்து சாணையில் பிடித்தேன். பூவாக வெடிக்கிறது! கம்பியில் வெறும் கோடுதான். வீடியோ அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

மாமா: பார்த்தேன். நல்ல பட்டை. இப்போது மண்ணெண்ணெய் தடவி ஊறவை, துணியால் சுத்தமாகத் துடை, மேலே சாக்பீஸ் பொடி தூவு. கீறல் இருந்தால் உள்ளே இறங்கின எண்ணெய் கசிந்து கோடு காட்டும். லாரிக்கு அடியில் எத்தனை பாரம் தாங்கி வந்ததோ, பார்க்காமல் உலையில் வைக்காதே.

தம்பி (இரவு 8:20): நடு போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு வருகிறது. மற்ற இடத்தில் இல்லை.

மாமா: ஓட்டையிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டிப் போட்டுவிடு. அந்த நடுத்துண்டு வேறு எதற்கும் வேண்டாம், கடைக்கே திருப்பிக் கொடு. மீதி நுனிப்பக்கம் ஒன்றரை அடி வருமா?

தம்பி: தாராளமாக வரும்.

மாமா: போதும். கருவேலங்கரி ஒரு மூட்டை வாங்கி வை. புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். குறடும் என் சின்னச் சம்மட்டியும் எடுத்து வருகிறேன், நீ வாங்க வேண்டாம்.