மறு: ‘நெய்பர்ஹுட் பாவர்ட்டி’ – ‘சூழ்வறுமை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். ‘நெய்பர்ஹுட் பாவர்ட்டி’, அதாவது ஒருவர் குடியிருக்கும் இடத்தின் வறுமை, என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் சொன்னதற்கு என் பதில் இது.

> ‘பகுதி வறுமை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் படிப்பவர் அதை அரைகுறை வறுமை என்று எடுத்துக்கொள்வார். பகுதிநேர வேலை என்றால் முழுநேரமல்லாத வேலை என்றுதானே கொள்கிறோம்? என் தங்கையிடம் இந்தச் சொல்லைக் காட்டினேன். “கொஞ்சம் ஏழையா?” என்றுதான் கேட்டாள்.

இழையில் வந்த மற்றச் சொற்களிலும் சிக்கல் உண்டு. ‘அண்டை வறுமை’ பக்கத்து வீட்டுக்காரரின் வறுமையாகிவிடுகிறது. ‘குடியிருப்பு வறுமை’ வீடில்லாத குறையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. வட்டாரம் என்றால் நமக்குக் கொங்கு வட்டாரம், நெல்லை வட்டாரம். இங்கே பேசப்படுவதோ சில ஆயிரம் பேர் வாழும் தெருக்கள்.

அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, 20 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தை ஏழைப் பகுதி என்கிறது. அங்கே குடியிருப்பவர் நல்ல சம்பளக்காரராகவும் இருக்கலாம். அவர் வீட்டில் வறுமை இல்லை, அவரைச் சுற்றி இருக்கிறது. அந்த நாட்டு நீரிழிவுத் தரவுகளை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரை ஒன்றில், ஏழைப் பகுதியில் வாழ்வது கறுப்பினத்தவருக்கும் ஏழை வெள்ளையருக்கும் நீரிழிவு வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவந்தது. குடும்பத்தின் வறுமை வேறு, இடத்தின் வறுமை வேறு. இரண்டையும் வெறுமனே வறுமை என்று எழுதினால் அந்த ஆய்வே தமிழில் காணாமல் போய்விடும்.

எனக்கு இதில் பிடிவாதம் வரக் காரணம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் தெருவில் மற்றவர் குடியேறக் கூடாதென்று 1910இலேயே சட்டம் போட்ட நகரம் அது. அதன் தென்மேற்கில், இரு இனத்தாரும் ஏறக்குறைய ஒரே வருமானத்தில் கலந்து வாழும் பகுதியைப் பொதுச் சுகாதார ஆய்வாளர் தாமஸ் லவீஸ்ட் குழுவினர் ஆராய்ந்தார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே நாடு முழுவதும் தெரியும் நீரிழிவு இடைவெளி அங்கே இல்லை. உயர் ரத்த அழுத்தத்தில் இடைவெளி குறுகியிருந்தது. இனம்தான் நோய்க்குக் காரணம் என்று உடம்பின் மேல் பழி போடுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும்.

சரி, என் பரிந்துரை: சூழ்வறுமை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் வறுமை, முக்காலமும் அடக்கம். சூழ்ச்சியை நினைவூட்டுமோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் சூழ்நிலை, சுற்றுச்சூழல் என்று நாள்தோறும் புழங்குகிறோம், யாருக்கும் அது தோன்றுவதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 1994இல் தொடங்கி, அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு, வறுமை விகிதம் 10 விழுக்காட்டுக்குக் குறைவான இடங்களில் மட்டுமே செல்லும் வாடகை உதவிச் சீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது, சீட்டுப் பெற்ற பெண்களிடம், பெறாதவர்களைவிடக் கடும் உடற்பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. அவர்களுடைய சம்பாத்தியம் கூடியிருக்கவில்லை. இதை இப்படி எழுதலாம்: “குடும்ப வறுமை மாறவில்லை, சூழ்வறுமை குறைந்தது, நோயும் குறைந்தது.” இதே இடத்தில் ‘பகுதி வறுமை’யை வைத்துப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. நீரிழிவுக்குப் ‘பரவல் விகிதம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது தொற்றுநோய் இல்லையே, ‘நோயுள்ளோர் விகிதம்’ என்போம்.

ஏழைப் பகுதியைச் ‘சூழ்வறுமைப் பகுதி’ எனலாம். வறுமை 40 விழுக்காட்டைத் தொடும் இடங்களுக்கு அமெரிக்காவில் தனிப் பெயர் உண்டு. அதற்குச் ‘செறிவறுமை’ பொருந்துமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.