94-ல் நிற்கும் வேகத்துக்கு வைஃபை 7 மருந்தா?

செம்புக்கம்பி:
அலைவரிசை அன்பு நேற்று எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மாடிவீடு என்ற பெயரில் எழுதுகிறவர் கேட்ட கேள்வி இதுதான்: 300 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு, மோடம் கீழே ஹாலில். அங்கிருந்து மாடிக்கு 20 மீட்டர் கேபிள், மேலே ஒரு வைஃபை 6 ரவுட்டர். கீழே மோடத்தின் வைஃபையில் 300 வருகிறது, மாடியில் எத்தனை முறை டெஸ்ட் எடுத்தாலும் 94. அதற்கு அன்பு சொன்னது: "பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டுட்டு வைஃபை 7 வாங்குங்க, சரியாயிடும்."

94 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் ரவுட்டர் வாங்கச் சொல்பவருக்கு அந்த எண் எப்படி வருகிறது என்றே தெரியவில்லை. கம்பியில் ஒரு முழு ஃபிரேம், அதாவது ஒரு டேட்டா பொட்டலம், 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் நம்முடைய டேட்டா 1448 பைட். வகுத்துப் பாருங்கள், 94.1 சதவீதம். கேபிளின் இரு முனைக் கருவிகளும் பேசிக்கொள்ளும் இணைப்பு, அதாவது லிங்க், 100 எம்பிபிஎஸ் என்றால் 94, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றால் 941. வைஃபை பலவீனம் என்றால் எண் ஆடும்: ஒருமுறை 60, ஒருமுறை 130. ஆணி அடித்தது போல 94-ல் நின்றால் வழியில் லிங்க் 100-க்கு விழுந்திருக்கிறது. கேபிள்தான். வேறு எதுவும் இல்லை.

அலைவரிசை அன்பு:
நான் எழுதினதை முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க சார். அவர்கிட்ட இருக்கிறது ஏஎக்ஸ்1500ங்கிற வகை வைஃபை 6 ரவுட்டர். 5 கிகாஹெர்ட்ஸ்ல 1201 எம்பிபிஎஸ்னு பெட்டியில போட்டிருப்பாங்க, பக்கத்துல உட்கார்ந்தா 600, 700 கிடைக்கும். ஒரு கான்கிரீட் சுவர் தாண்டினா பாதிகூட இருக்காது. பிஇ3600ங்கிற வைஃபை 7 ரவுட்டர்ல அதே 5 கிகாஹெர்ட்ஸ்ல 160 மெகாஹெர்ட்ஸ் சேனல், 4096 க்யூஏஎம் (ஒரே சிக்னல்ல நிறைய டேட்டாவை அடைக்கிற முறை), 2882 எம்பிபிஎஸ். பல மாடல்ல இன்டர்நெட் கேபிள் செருகுற வான் போர்ட்டே 2.5 கிகாபிட். இன்னைக்குக் காசு போடுறவர் எதுக்குப் பழைய தலைமுறையில போடணும்?

செம்புக்கம்பி:
தம்பி, அந்த 2.5 கிகாபிட் போர்ட்டில் உள்ளே நீல ஜோடிக் கம்பி அறுந்த கேபிளைச் செருகினால் என்ன வரும்? 94 வரும். 4096 க்யூஏஎம் எல்லாம் ரவுட்டரைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில்தான் வேலை செய்யும். அடுத்த அறைக்குப் போனாலே 1024-க்கும் 256-க்கும் இறங்கிவிடும். 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான். நீங்கள் சொல்கிற பிஇ3600-இல் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸின் 688-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 2882-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கி 3600 என்று எழுதியிருக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவந்து மருந்து என்று விற்காதீர்கள்.

அலைவரிசை அன்பு:
நான் எதையும் விக்கல. தம்பின்னும் கூப்பிடாதீங்க.

போர்ட் பாண்டி:
ஒருத்தர் கேபிளைப் பிடிச்சுத் தொங்குதாரு, ஒருத்தர் ரவுட்டரைப் பிடிச்சுத் தொங்குதாரு. மோடத்துல எந்த ஓட்டையில செருகியிருக்காருன்னு யாராவது கேட்டியளா? பைபர் கம்பெனிக்காரங்க வைக்கிற ஓஎன்டில, அதான் நாம மோடம்னு சொல்லுத பெட்டில, பலதுல ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட். மத்ததெல்லாம் 100. பின்னாடி கிகாபிட்டுக்கு ஜிஇ, 100-க்கு எஃப்இன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. ஜிஇ-ல டிவி பெட்டியைச் செருகிட்டு மாடிக் கேபிளை எஃப்இ-ல விட்டா ஆயுசுக்கும் 94தான். பிடுங்கி மாத்திச் செருக பத்து செகண்டு ஆகாது. காசும் செலவில்ல.

செம்புக்கம்பி:
கீழே 300 வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். மோடத்தில் குறை இருந்தால் கீழே எப்படி 300 வரும்? கேபிள்தான்.

போர்ட் பாண்டி:
கீழ அவரு டெஸ்ட் எடுத்தது வைஃபைல அண்ணே! மோடத்தோட சொந்த வைஃபை. அது எந்த லான் போர்ட்டையும் தொடாது. கீழ 300 வந்ததை வச்சு போர்ட் நல்லாருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?

செம்புக்கம்பி:
சரி, கேபிள் விஷயத்தை ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்காவது பயன்படட்டும். கேபிளுக்குள் எட்டு கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும்: 1, 2 ஒரு ஜோடி, 3, 6 ஒரு ஜோடி. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். டி568பி என்ற நிற வரிசையில் ஆரஞ்சோ பச்சையோ அறுந்தால் லிங்க் விளக்கே எரியாது, உடனே தெரிந்துவிடும். நீலமோ பழுப்போ அறுந்தால் இரண்டு முனையும் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்து, முடியாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும். அதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை.

ஏன் அறுகிறது? கேட் 6 என்று தரம் அச்சடித்து மலிவாக விற்கிற கேபிள் பலவற்றில் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ. கேபிள் முனையில் ஜாக்கை அழுத்திப் பொருத்தும்போது, அதாவது கிரிம்ப் செய்யும்போது, பல் இறங்கி அந்த மெல்லிய செம்புத் தோலைக் கிழித்துவிடும். உள்ளே இருக்கும் அலுமினியம் காற்றுப் பட்டு ஆக்சைடு பிடிக்கும். முதல் மாதம் கிகாபிட் ஓடும், ஒரு மழைக்காலம் போனால் 100-க்கு விழலாம். பைப் வளைவில் நாலு தரம் இழுத்து மடக்கினால் அலுமினியம் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துபோகும், வெளியே உறை அப்படியே இருக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு கம்பியின் உறையை உரித்து பிளேடு நுனியால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். இன்னும் உறுதியாக வேண்டுமானால் ஒரு முனையில் நீலத்தையும் வெள்ளை நீலத்தையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டர் வயரையே முதலில் தொட்டுவைத்துப் பார்த்து, வருகிற 0.2, 0.3-ஐக் கழித்துவிடுங்கள். 20 மீட்டர் கேபிளில் போய்வரும் கம்பி 40 மீட்டர். 23 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன், எண் கூடினால் கம்பி மெல்லிசு) சுத்தச் செம்பு என்றால் சுமார் 2.7 ஓம். சிசிஏ என்றால் 4-ஐத் தாண்டும்.

குன்றத்தூர் வயர்மேன்:
ஐயா, கேபிளை ஒரேயடியாகப் பழி சொல்ல வேண்டாம். எட்டு விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரிந்தால் கேபிள் நல்ல கேபிள். அவர் முதலில் அதைப் பார்க்கட்டும். ஓம் பார்க்கிற வேலையெல்லாம் வீட்டுக்காரருக்கு எதற்கு?

செம்புக்கம்பி:
அந்த டெஸ்டரை நம்பித்தான் ஊரில் பாதி வீடு 94-ல் ஓடுகிறது. அது ஒன்பது வோல்ட் பேட்டரியில் கரண்ட் போகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்தால் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருக்காது. சிக்னல் ஒன்றோடு ஒன்று கலந்து நாசமாகும். மூன்றாவது இடத்தில் வெள்ளைப் பச்சை, நான்கில் நீலம், ஐந்தில் வெள்ளை நீலம், ஆறில் பச்சை. இப்படி வைத்தால்தான் ஜோடி ஜோடியாகப் போகும். முறுக்கைப் பிரிப்பதும் ஜாக்குக்கு அருகே 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் பிரித்து வைத்து அடிக்கிறவர்கள் டெஸ்டர் விளக்கைக் காட்டிக் காசு வாங்கிப் போகிறார்கள்.

குன்றத்தூர் வயர்மேன்:
தொழிலையே குற்றம் சொல்கிறீர்கள். வரிசை தெரியாமல் யாரும் கிரிம்ப் செய்வதில்லை. நாங்கள் டி568ஏ அடிப்போம். அதுதான் சரியான முறை, பி-யைவிட வேகம்.

செம்புக்கம்பி:
ஏ-க்கும் பி-க்கும் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுவதைத் தவிர வித்தியாசமே இல்லை. வேகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு முனையும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் கேமரா விவாதத்திலும் இப்படித்தான், சிசிஏ கேபிளில் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம், கொடுக்கலாம் என்று வாதாடினீர்கள்.

குன்றத்தூர் வயர்மேன்:
கொடுக்கலாம், இப்போதும் சொல்கிறேன். கேமரா 6, 7 வாட் எடுக்கும். அதற்கு எந்த கேபிளும் சூடாகாது.

செம்புக்கம்பி:
இரவில் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரிந்ததும் அதே கேமரா 10, 12 வாட்டுக்குப் போகும். 70 மீட்டர் சிசிஏ-வில் வோல்டேஜ் விழுந்து ராத்திரி மட்டும் கேமரா ரீஸ்டார்ட் ஆகலாம். பகலில் வந்து பார்த்துவிட்டு "கேமரா ஃபால்ட்" என்று மாற்றச் சொல்வீர்கள். அன்றைக்கும் இதற்குப் பதில் வரவில்லை.

போர்ட் பாண்டி:
கேமராவை விடுங்க. ஓம் கணக்குக்கு வாங்க. 4 ஓம் தாண்டினா சிசிஏன்னு அடிச்சுச் சொன்னிய. கேபிள் 24 கேஜ் செம்பா இருந்தா 3.4 வரும். மெல்லிசு 26 கேஜ் செம்புன்னா 5.4. அது சுத்தச் செம்புதான, அதையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்வியளா?

செம்புக்கம்பி:
சுவருக்குள் 26 கேஜ் யார் இழுக்கிறார்கள்? உறையிலேயே கேஜ் அச்சிட்டிருக்கும். 23 என்று அச்சிட்டு 4 ஓம் காட்டினால் பொய் கேபிள். பெட்டியாக வாங்குகிறவர்கள் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: 305 மீட்டர் பெட்டியில் 23 கேஜ் என்றால் செம்பு மட்டுமே 5.8 கிலோ. சிசிஏ-வில் அந்த உலோகம் 2 கிலோ சுற்றித்தான். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசுகிற நேரத்தில் பாதியைத் தராசுக்குக் கொடுத்தால் போதும்.

அலைவரிசை அன்பு:
300 எம்பிபிஎஸ் பிளானுக்கு இவ்வளவு பாடமா? கேபிளே வேணாம்னு ஒண்ணுக்கொண்ணு வைஃபைலயே பேசிக்கிற ரெண்டு மெஷ் பெட்டி வச்சா வேலை முடிஞ்சுது.

செம்புக்கம்பி:
நடுவில் ஒரு கான்கிரீட் தளம். இரண்டாவது பெட்டி அதே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்க வேண்டும், கிடைத்த வேகத்தில் பாதி அங்கேயே போகும். இழுத்துவைத்த 20 மீட்டர் கேபிள் சும்மா கிடக்க, இதற்குப் பெயர் தீர்வா?

அலைவரிசை அன்பு:
அதுக்குத்தான் வைஃபை 7-ல எம்எல்ஓ இருக்கு. ரெண்டு பேண்டும் சேர்ந்து ஓடும்.

செம்புக்கம்பி:
தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வராத இடத்தில் எதோடு எதைச் சேர்ப்பீர்கள்?

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. லேப்டாப்பை மாடிக் கேபிளில் நேராகச் செருகி, செட்டிங்ஸில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீட் பார்த்தேன், 100/100 காட்டியது. கீழே மோடத்தில் 3-ஆவது போர்ட்டிலிருந்து 1-ஆவதுக்கு மாற்றினேன். அந்த முனையில் ஜாக் கொஞ்சம் லூசாக இருந்ததால் அதையும் வெட்டிப் புதிதாக அடித்துவிட்டேன். இப்போது 1000/1000. மாடி ரவுட்டரில் 287 வருகிறது.

போர்ட் பாண்டி:
3-ல இருந்து 1-க்கு மாத்தினதும் வந்துச்சா! நான் மொதல்லயே சொன்னது இதுதான். எல்லாரும் மேல போய் என் முதல் பதிவைப் படிங்க.

செம்புக்கம்பி:
ஜாக்கை வெட்டிப் புதிதாக அடித்திருக்கிறார். லூசாக இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்கிறார். கேபிள்தான்.

போர்ட் பாண்டி:
அதே ஜாக்கைத் திரும்ப 3-ல செருகிப் பாக்கச் சொல்லுங்க. 100 காட்டினா போர்ட். ஒத்துக்கிடுவியளா?

செம்புக்கம்பி:
செருகட்டும். அதற்கு முன்னால் வெட்டி எறிந்த பழைய ஜாக்கில் நீலமும் பழுப்பும் முட்டும் வரை உள்ளே போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். கம்பியையும் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குன்றத்தூர் வயர்மேன்:
புது ஜாக் எந்த வரிசையில் அடித்தார்? மறுமுனை ஏ என்றால் இதுவும் ஏ தான் இருக்க வேண்டும்.

செம்புக்கம்பி:
கிகாபிட் போர்ட்டுகள் குறுக்கு இணைப்பைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஒரு முனை ஏ, ஒரு முனை பி என்றாலும் லிங்க் ஏறும்.

குன்றத்தூர் வயர்மேன்:
சற்று முன் இரண்டு முனையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியது யார்?

செம்புக்கம்பி:
இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஏ வேகம் என்று நீங்கள் எழுதியதற்கு ஆதாரம் இன்னும் வரவில்லை.

அலைவரிசை அன்பு:
வயர்ல 287 வந்துடுச்சு, சரி. மாடி பெட்ரூம்ல, கதவை மூடிட்டு, போன்ல எவ்வளவு வருதுன்னு மாடிவீடு போடட்டும். அப்புறம் ரவுட்டரைப் பத்திப் பேசலாம்.

போர்ட் பாண்டி:
3-ஆவது போர்ட் ரிசல்ட் எங்க?